கணக்கில் வந்த முன்னோர்

ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். தர்ப்பணம் செய்துவைப்பவர் பெயர் கேட்பார். அப்பா பேர் சட்டென்று வரும். தாத்தா பேரும் வந்துவிடும். "அவருக்கு அப்பா பேரு?" என்றதும் வந்தவர் பக்கத்தில் நிற்கும் சித்தப்பாவைப் பார்ப்பார். சித்தப்பா போனை எடுத்து ஊரில் யாரையோ கூப்பிடுவார். பாட்டிமார் வரிசைக்கு வரும்போது நிலைமை இன்னும் மோசம். அப்பாவைப் பெற்றவள் பெயரே சிலருக்கு 'அப்பத்தா' என்பதோடு சரி.

அப்படி விழித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். ஊருக்குத் திரும்பியதும் தாத்தாவின் அப்பாவான பூட்டன் பெயரைத் தேடத் தொடங்கினேன். ஒரு பெயரோடு முடிந்துவிடும் என்று நினைத்த வேலை, சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுகொண்டிருக்கிறது.

இங்கிலாந்தில் இதே வேலையைச் செய்பவருக்குப் பாதை போட்டே வைத்திருக்கிறார்கள். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 100 ஆண்டு கழித்துப் பொதுப்பார்வைக்கு வந்துவிடும். 1921-ம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியில் வந்தன. அமெரிக்காவில் 72 ஆண்டு. 1950-ம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஏப்ரலில் திறந்தது. தெருப் பெயரைத் தட்டினால் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், என்ன வயது, என்ன வேலை என்று மொத்தக் குடும்பமும் வரிசையாக நிற்கும். நம் ஊரில் 1871-லேயே சென்னை மாகாணத்தில் தலை எண்ணினார்கள். ஆனால் மொத்தத் தொகையை அட்டவணையில் ஏற்றியதும் வீட்டுவாரித் தாள்களுக்கு வேலை முடிந்துவிட்டது. அவற்றைக் காப்பாற்றி வைக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகான கணக்கெடுப்புகளில் தனிநபர் விவரம் 1948-ம் ஆண்டுச் சட்டப்படி ரகசியம்.

பிறப்பு இறப்புப் பதிவைப் பார்க்கலாமே என்று தோன்றும். சென்னை மாகாணத்தில் அதற்கு 1899-லேயே சட்டம் வந்தது. நாடு முழுக்க ஒரே சட்டமாகக் கட்டாயமானது 1969-ல்தான். பழைய கிராமப் பதிவேட்டில் நம் ஆளைக் கண்டுபிடித்தாலும், 'ஆண் குழந்தை' என்று மட்டும் எழுதி அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்துவிட்டதால் குழந்தைக்குப் பெயரில்லை. அதே அப்பாவுக்கு அஞ்சு பிள்ளைகள் இருந்தால் அது எந்தப் பிள்ளை என்று நாம்தான் ஊகிக்க வேண்டும்.

அப்படியென்றால் நம் முன்னோர் எங்கேதான் எழுத்தில் இருக்கிறார்கள்? தேடித் தேடி எனக்குப் பிடிபட்டது இதுதான்: பிறந்ததையும் செத்ததையும் நம் ஆட்கள் பெரிதாக எழுதி வைக்கவில்லை. காசு கைமாறினால் மட்டும் விடாமல் எழுதினார்கள். மொய், கோயில் வரி, கிரயம், கடன், கப்பலேற்றிய கூலி. கணக்கு இருக்கும் இடத்தில் முன்னோர் இருப்பார்கள்.

முதலில் மொய் நோட்டு. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம் பழைய வீட்டுப் பரணில் இது இல்லாமல் இருக்காது. வீட்டுப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள்கூட மொய் நோட்டைத் தொலைப்பதில்லை, திருப்பிச் செய்ய வேண்டுமே. எங்கள் பெரியப்பா வீட்டில் 1960-ல் அத்தை கல்யாணத்துக்கு எழுதிய நோட்டு இருக்கிறது. நீளவாக்கில் மடித்த தாள், நடுவில் நூல் தைத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மஞ்சள் தடவிய கறை. முதல் வரியில் தாய்மாமன். எந்தத் திருமண நோட்டிலும் முதல் வரியைப் படித்தால் பெண்ணின் தாய்வழிப் பிறந்த வீடு எந்த ஊர் என்று தெரிந்துவிடும். பாதிக் குடும்பங்களில் மறந்துபோன அம்மாச்சி ஊர் இந்த ஒரு வரியில் கிடைக்கிறது. அதன் பின் ஊர்வாரியாக: ஊர்ப் பெயர், இனிஷியல், பெயர், தொகை. ரூ.1, ரூ.2, ஓர் இடத்தில் ரூ.5. ஒரே ஊரில் ஒரே இனிஷியலோடு அடுத்தடுத்து மூன்று பேர் எழுதியிருந்தால் அநேகமாக அண்ணன் தம்பிகள். பெயர் குழம்பக்கூடாது என்று எழுதுகிறவர் பட்டப் பெயரையும் சேர்த்திருப்பார்: 'பர்மாக்காரர்', 'கொழும்பான் வீடு', 'மேலத்தெரு வண்டி'. இந்த ஒட்டுப் பெயர்தான் அந்த ஆள், பர்மாவை ஜப்பான் பிடித்த 1942-க்கு முன், எங்கே இருந்தார் என்பதற்கு நமக்கு மிஞ்சிய ஒரே சாட்சியாக இருக்கலாம். இப்போது கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டது. பட்டப் பெயருக்கு அதிலும் இடம் விட்டிருந்தால் 2080-ல் தேடுகிறவன் வாழ்த்துவான்.

மொய் நோட்டுக்கு அடுத்து குலதெய்வக் கோயில் வரி நோட்டு. தலைக்கட்டு வரி என்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. பத்து வருட நோட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், புதிதாகச் சேர்ந்த பெயர் எந்த வருடம் கல்யாணம் முடித்தது, காணாமல் போன பெயர் எப்போது இறந்தது அல்லது எப்போது ஊரை விட்டுப் போனது என்று ஓரளவு சொல்லிவிடலாம். சொந்த ஊரே தெரியாதவர்களுக்கும் குலதெய்வம் எங்கே என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும். மூன்று தலைமுறையாகச் சென்னையில் இருப்பவர்கூட பிள்ளைக்கு முதல் முடி எடுக்க விருதுநகர் பக்கம் ஒரு காட்டுக் கோயிலுக்குப் போவார். தேடலை அந்தப் பூசாரியிடமிருந்து தொடங்கலாம். நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் இந்த ஏற்பாடு இன்னும் கட்டுக்கோப்பானது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோயில். கல்யாணம் முடிந்ததும் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக ஏறும். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படலாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் உண்டு. நம் மண்ணில் மேல்நாட்டுப் பதிவேட்டுக்கு மிக அருகில் வருவது அதுதான்.

இனிமேல்தான் பெயர்ச் சிக்கல். பேரன் என்ற சொல்லே 'பெயரன்', தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். கருப்பையா மகன் முத்தையா, முத்தையா மகன் கருப்பையா, அவர் மகன் முத்தையா. இனிஷியலும் கூடவே மாறி மாறி வரும்: மு. கருப்பையா, க. முத்தையா, மறுபடி மு. கருப்பையா. ஐம்பது வருட இடைவெளியில் ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒரே இனிஷியலோடு இரண்டு மு. கருப்பையா. பத்திரத்தில் இருப்பது தாத்தாவா பேரனா? இந்த வழக்கம் நமக்கு ஒரு சாவியையும் கொடுக்கிறது. தாத்தா பெயர் தெரிந்தால், தாத்தாவின் தாத்தா பெயரும் அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு. மூத்த மகனுக்கு அப்பா வழி, அடுத்தவனுக்கு அம்மா வழி என்று வைத்த வீடுகளில், இரண்டாவது பிள்ளையின் பெயர் அம்மாவின் அப்பாவைக் காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் ஊகம் என்று பென்சிலில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்துச் சான்று கிடைத்தால் பேனா.

பேனாவால் எழுத வைப்பவை பத்திரங்கள். பத்திரப் பதிவுச் சட்டம் 1860-களிலிருந்து இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்களின் நகல் ஏறும் முதல் புத்தகம் நிரந்தரமாகக் காக்கப்பட வேண்டியது. அதற்குப் பெயர்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக ஓர் அட்டவணை. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் ஒரு சர்வே எண்ணில் யார் யாருக்கு விற்றார்கள் என்பது வரும். இணையத்தில் கிடைக்காத பழைய காலத்துக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். பழைய சர்வே எண்ணும் புதிய எண்ணும் வேறு என்பதால், இரண்டையும் ஒப்பிடும் பதிவேட்டை முதலில் பார்த்துவிடுவது நல்லது; நான் அதைப் பார்க்காமல் வேறொருவர் தோட்டத்தின் வரலாற்றை இரண்டு மாதம் ஆராய்ந்தேன். நான் போன ஓர் அலுவலகத்தில் எனக்கு வேண்டிய வருடத்தின் பெயர் அட்டவணையைக் கரையான் பாதி முடித்திருந்தது. எடுத்துக்கொடுத்த ஊழியர் மீதிப் பக்கங்களைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்தார்.

ஆனால் எனக்கான பத்திரம் வீட்டிலேயே இருந்தது. அப்பாவின் தகரப் பெட்டியில், அடியில் விரித்த செய்தித்தாளுக்கும் கீழே, நான்காக மடித்து. 1931-ல் எழுதிய புஞ்சைக் கிரயப் பத்திரம். அதை வாசிக்கவே ஒரு வாரம் ஆனது. கையெழுத்து நீரோடியது போல விடாமல் போகும், முற்றுப்புள்ளி கிடையாது, புள்ளி வைத்த எழுத்தும் குறைவு. நடுநடுவே குறிகள்: ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். முந்தைய தலைமுறைப் பத்திரமென்றால் எண்ணும் தமிழில் இருக்கும். ௲௮௱௯௰௨ என்பது 1892. பள்ளிக்கூடத்தில் வேடிக்கையாகப் படித்துவிட்டு மறந்தது இங்கே சோறு போடுகிறது.

எழுதிக்கொடுத்தவர் என் பூட்டி. "காலஞ்சென்ற" இன்னார் பெண்சாதி என்று தொடங்கி, தன் இரண்டு மைனர் மகன்களுக்காகத் தாயும் கார்டியனுமாக இருந்து எழுதிக்கொடுக்கிறார். பூட்டன் பெயர் அங்கே வந்துவிட்டது. கூடவே பூட்டனின் அப்பா பெயரும். அக்னி தீர்த்தத்தில் கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் இரண்டு விடை. மைனர்களின் வயது 9, 6 என்று போட்டிருந்தது. ஒன்பது வயதுக்காரர் என் தாத்தா. அப்படியானால் 1922 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். அவருடைய பள்ளிச் சான்றிதழோ 1925 ஜூன் 1 என்கிறது. அந்தக் காலத்து வாத்தியார்கள் சேர்க்கும்போது ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார்கள். ஊரில் பெரியவர்கள் பாதிப் பேருக்குப் பிறந்த நாள் பள்ளி திறக்கும் வாரத்தில்தான் வரும். பள்ளித் தேதியை நம்புவதைவிட மைனர் வயதை நம்பலாம் என்பது என் கணக்கு.

பத்திரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் நான்கெல்லை. கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே வண்டிப் பாதை, தெற்கே இன்னார் பாகம் என்று நாலு வரி. பங்காளிகள் பிரித்துக்கொண்ட நிலம் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கும். தெற்கு எல்லைக்காரரின் அப்பா பெயரும் பூட்டனின் அப்பா பெயரும் ஒன்றாக இருந்ததால், பூட்டனுக்கு ஒரு அண்ணனோ தம்பியோ இருந்தது தெரிந்தது. அந்த வீட்டோடு எங்களுக்கு இரண்டு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்பதும் அந்த எல்லையில்தான் இருந்தது, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

அப்புறம்தான் அந்த வரி. கணவனை இழந்த தாய் மைனர் சொத்தை விற்றால், எந்த அவசியத்துக்காக விற்கிறாள் என்று எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் மேஜரானதும் வழக்குப் போட்டுக் கிரயத்தையே ரத்து செய்துவிடலாம். அதனால் இவ்வகைப் பத்திரங்களில் ஒரு செலவுப் பட்டியல் கட்டாயம் வரும். எங்கள் பத்திரத்தில் இரண்டு செலவு: பூட்டன் வாங்கிய கைமாற்றுக் கடன், "மேற்படி மைனர்களின் தமக்கை" இன்னாளின் விவாகச் செலவு. தாத்தாவுக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறார். அப்பாவுக்குத் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரியாது. பெண்ணுக்கு அப்போது குடும்பச் சொத்தில் பாகமில்லை. அதனால் எழுதிக்கொடுத்தவர்களில் அவர் இல்லை, கையெழுத்தோ ரேகையோ வைக்கவில்லை. செலவுக் கணக்கில் மட்டும் வந்திருக்கிறார்.

பெண்களைத் தேடுவது எப்போதும் இப்படித்தான். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஆண்கள் வருவார்கள். பெண்கள் வருவது விதவையாக, கார்டியனாக, ஜீவனாம்சம் கேட்டவளாக, அல்லது சீர்ச் செலவாக. சகோதரிகள் வரிசையாகக் கையெழுத்திடும் விடுதலைப் பத்திரம் பெரும்பாலும் பின்னால் வந்தது. பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989-ல் வந்த பிறகு, அந்தப் பங்கை எழுதி வாங்கிக்கொள்ள எழுந்த பத்திரங்கள் ஏராளம். உரிமையை விட்டுக்கொடுத்த தாளில்தான் அத்தைமார் பெயர் முழுசாக இருக்கிறது.

வருடக் கணக்கில் விழும் குழிகளையும் சொல்லிவிட வேண்டும். ஓலையிலோ பழைய நோட்டிலோ 'சுபகிருது வருடம்' என்று மட்டும் இருந்தால் அது 1902, 1962, 2022 எதுவாகவும் இருக்கலாம். அறுபது வருடச் சக்கரம். நிலவரிக் கணக்கின் ஆண்டான பசலி என்றால் 590-ஐக் கூட்ட வேண்டும்: பசலி 1310 என்பது 1900 ஜூலையில் தொடங்கும் வருடம். கன்னியாகுமரி, நெல்லைப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும். அதற்கு 825-ஐக் கூட்டினால் ஒரு வருடம் முன்பின்னாகச் சரியாகிவிடும். பெரியவர்களிடம் பேசும்போது வருடத்தைக் கேட்கவே கூடாது. "அப்பத்தா எப்போ செத்துச்சு?" என்றால் "அது ஆச்சு ரொம்ப நாளு" என்பார்கள். "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்றால் உடனே பதில் வரும், 1964 டிசம்பர் கைக்கு வந்துவிடும். கொஞ்சம் பழைய கதைகளுக்குத் தாது வருடப் பஞ்சம் இருக்கிறது, 1876-லிருந்து 78 வரை. பல குடும்பக் கதைகள் 'பஞ்சத்துல வந்தோம்' என்றுதான் தொடங்குகின்றன.

பத்திரம், பட்டா என்று நான் பேசிக்கொண்டே போவது நிலம் இருந்தவர்களுக்கு மட்டும் பொருந்தும். அதிலும் எங்கள் பக்கம் பல ஊர்கள் ஜமீன் ஊர்கள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும் வரை, விவசாயியிடமே அரசாங்கம் நேராக வரி வாங்கிய ரயத்துவாரி ஊர்களில் இருந்தது போன்ற அரசாங்க நிலவரித் திட்டப் பதிவேடுகளைப் பல ஊர்களில் எதிர்பார்க்க முடியாது. நிலமே இல்லாதவர்களுக்கு அந்தப் பிரச்சினையே எழவில்லை, ஏனென்றால் எந்த நிலப் பதிவேட்டிலும் அவர்கள் இல்லை. எழுதிய இடத்திலும் ஏற்றத்தாழ்வு எழுத்திலேயே இருக்கும். ஒரே பத்திரத்தில் ஒருவர் இன்னாரின் 'குமாரர்', வரப்பு வேலைக்காரர் இன்னான் 'மகன்'. தலித் குடும்பங்களின் தேடலில் 1892 ஒரு முக்கியமான வருடம். செங்கற்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து அந்த வருடம்தான் அவர்களுக்கென்றே நிலம் தரும் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு ஆணை பிறந்தது. அந்த ஒதுக்கீட்டுப் பதிவுகளில் பெயர் வந்தால், பல குடும்பங்களுக்கு அதுவே முதல் எழுத்து. அந்த நிலத்தில் எவ்வளவு இப்போது அந்தக் குடும்பங்களிடமே இருக்கிறது என்பது வேறு கதை.

ஏழைகளிலும் ஏழைகளுக்கு மிகத் துல்லியமான ஆவணம் இருக்கும் ஓர் இடம் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 342 பேரை இறக்கியது. அதிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு. ஃபிஜிக்குப் போன அறுபதாயிரத்துச் சொச்சம் பேரின் பாஸில் உயரமும் நெருங்கிய உறவினர் பெயரும் சேர்ந்திருக்கும். 1903-லிருந்துதான் சென்னையிலிருந்தும் அங்கே ஆள் ஏற்றினார்கள். மொரிசியசில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் வந்திறங்கினார்கள். அவர்களின் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, ஒரு காலகட்டத்துக்குப் பின் வந்தவர்களுக்குப் புகைப்படத்தோடு. என் பூட்டனின் முகம் எனக்குத் தெரியாது. ஊரில் இருந்தவனுக்கு இல்லாத படம் கரும்புக் காட்டுக்குப் போனவனுக்கு இருக்கிறது. ஓடிவிட்டால் பிடிக்க வேண்டும், ஐந்து வருடம் முடிந்ததா என்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் முழங்காலில் இருந்த தழும்பு வரை எழுதினார்கள். அதே தழும்பை வைத்து இன்று கொள்ளுப்பேத்தி அடையாளம் காண்கிறாள்.

அங்கிருந்து இங்கே வரும்போதுதான் தடுமாற்றம். முனுசாமியை 'மூன்சாமி' என்று எழுதிய குமாஸ்தா ஊர்ப் பெயரையும் அதே காதால்தான் கேட்டிருப்பார். அப்பாவின் பெயர் அங்கே குடும்பப் பெயராகி நிலைத்துவிட்டது. ஜில்லாவும் பழைய ஜில்லா. பட்டியலில் வட ஆற்காடு என்றிருந்தால் அது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எதுவாகவும் இருக்கலாம். 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரிந்ததால் அந்த ஊர் ஆந்திராவிலும் இருக்கலாம். ஊர்ப் பெயரைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. ஒரு தென்னாப்பிரிக்க நண்பரின் பட்டியலில் இருந்த ஆங்கில எழுத்துக்களை நாங்கள் ஆறு மாதம் முறைத்துக்கொண்டிருந்தோம். என் மனைவி ஒரு தடவை சத்தமாகப் படித்ததும் அது 'சேத்துப்பட்டு' என்று விழுந்தது. எந்தச் சேத்துப்பட்டு என்பது அடுத்த ஆறு மாதம்.

மொரிசியஸ்காரர்களுக்கு இதில் இப்போது ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது. இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையை அங்கே ஏழாம் தலைமுறை வரை தரும் சிறப்பு ஏற்பாடு 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. வம்சாவளியைக் காட்டக் கப்பல் பதிவேட்டு நகல் கை கொடுக்கும்.

இதே வேலை வேறொரு நாட்டில் பொழுதுபோக்காக இல்லாமல் தண்டனையாக நடந்திருக்கிறது. 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டப்படி, வம்சாவளிக் குடியுரிமைக்குத் தகப்பனார் இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். ஆள் சேர்க்கும் கங்காணி கூப்பிட்டு மண்டபம் வழியாகப் போனவர்களின் வழியில் வந்து, லயம் என்ற தோட்டக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தேயிலைத் தொழிலாளி பாட்டனின் பிறப்புக்கு எந்தத் தாளைக் காட்டுவார்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இருக்கும் தாயகம் திரும்பியோர் வீடுகளில் அந்தக் காலத்துத் தாள்களை இன்னும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சரி, இப்போது எச்சிலைத் துப்பி அனுப்பினால் உறவைச் சொல்லும் டிஎன்ஏ சோதனை இருக்கிறதே என்று இளையவர்கள் கேட்கிறார்கள். செய்து பார்க்கலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. அந்த நிறுவனங்களின் சேமிப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். அதைவிடப் பெரிய சிக்கல் நம் கல்யாண முறை. மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு எட்டுக் கொள்ளுப்பாட்டன் பாட்டிகளுக்குப் பதில் ஆறு பேர்தான். அக்கா மகளைக் கட்டினால் இன்னும் வேடிக்கை: ஒரே ஆத்தா அப்பா வழியில் அப்பத்தா, அம்மா வழியில் கொள்ளுப்பாட்டி. வம்சமரம் வரையும் மென்பொருளில் இதை ஏற்றினால் கோடுகள் பின்னிக்கொண்டு கோலமாகிவிடும். தலைமுறை தலைமுறையாக இப்படிக் கொடுத்து வாங்கிய கூட்டத்தில், ஆறேழு தலைமுறை தள்ளிய உறவைச் சோதனை இரண்டாம் மூன்றாம் சுற்று உறவு என்று காட்டிவிடக்கூடும். மேல்நாட்டுக் கணக்கில் எழுதிய கருவி அது.

குடும்பக் கதைகளைப் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நம்மை உயர்த்தும் கதையை எடுத்த எடுப்பில் நம்ப வேண்டாம். ராஜாவிடம் தளபதியாக இருந்தோம், யானை கட்டித் தீனி போட்டோம் என்பது எல்லா வீட்டிலும் இருக்கிறது. அவ்வளவு தளபதிகளுக்குப் படைவீரர்கள் போதாது. சங்கடப்படுத்தும் கதை, குரலைத் தாழ்த்திச் சொல்லும் கதை பெரும்பாலும் உண்மை. இரண்டாம் தாரம், ஊரை விட்டு ஓடியவர், கிணற்றில் விழுந்தவர். இவற்றைக் கண்டுபிடிக்கும்போது உயிரோடு இருப்பவர்களின் முகம் நினைவில் இருக்க வேண்டும். நான் வரைந்த மரத்தில் மூன்று பெயர்களை இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

2025 கடைசியில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது, ஊரே 2002, 2005 பட்டியல்களில் அப்பா அம்மா பெயரைத் தேடியது. அந்த நாட்களில் என் பொழுதுபோக்கை யாரும் கிண்டல் செய்யவில்லை. அந்தச் சாக்கில்தான் பெரியப்பா வீட்டுப் பரணும் இறங்கியது, 1960 மொய் நோட்டும் கைக்கு வந்தது.

நோட்டில் பதினேழாம் பக்கம். ஆண் பெயர்களாகப் போய்க்கொண்டிருந்த வரிசையில் ஒரு பெண் பெயர், 1931 பத்திரத்தில் செலவாக வந்த அதே பெயர். கணவன் இருக்கும் பெண்ணுக்குக் கணவன் பெயரில்தான் மொய் எழுதுவார்கள். தன் பெயரில் எழுதியிருப்பதால் அப்போதே அவர் தனியாளாகியிருக்க வேண்டும். தொகை ரூ.2. கல்யாணத்துக்கு வந்து, தம்பி மகளுக்கு மொய் செய்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதற்கடுத்த எந்த நோட்டிலும் அந்தப் பெயர் இல்லை. அத்தையிடம் கேட்டேன். "மணமேடையில உக்காந்திருந்தவளுக்கு யாரு வந்தா யாரு போனான்னு எப்பிடிய்யா தெரியும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெள்ளச் சீலையில ஒரு அம்மா என் கன்னத்தத் தொட்டு முத்திக்கிருச்சு, அது யாருன்னு இன்ன வரைக்கும் தெரியாது" என்றார்.

பெயருக்கு முன்னால் ஊர் எழுதியிருக்கிறது. முதல் இரண்டு மூன்று எழுத்தின் மேல் மஞ்சள் கறை படிந்து மை ஊறிவிட்டது. மிச்சம் தெரிவது '…பட்டி'. சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் பட்டி என்று முடியும் ஊர்களை வருவாய்க் கிராமப் பட்டியலிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். ஆறெழுத்துக்கு மேல் போகும் பெயர்களை அடித்துவிட்டேன், அந்த இடத்தில் அவ்வளவு இடம் இல்லை. மீதியில் இதுவரை பதினோரு ஊர் போய்விட்டு வந்தேன்.